நேற்று ராத்திரி உறைந்ததா? கடலோர மலைகளில் வசந்த காலப் பனிச்சரிவு

ஏப்ரல் மாதம், கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் நகரத்துத் தெருக்களில் செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டும். ஜனங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். நிமிர்ந்து வடக்கே பார்த்தால் மலை மட்டும் வெள்ளையாகவே நிற்கும். பார்ப்பவர் மனசில் ஒரு கணக்கு ஓடும்: குளிர்காலம் முடிந்தது, பனி உருக ஆரம்பித்துவிட்டது, இனிமேல் அங்கே என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் பிசகுகிறது. முதலாவது, அந்த மலைகளின் உயரமான பகுதிகளில் பனியின் சேமிப்பு உச்சத்தைத் தொடுவதே ஏப்ரல் நடுவாக்கில்தான். ஊரில் பூ பூக்கும் நாளில் மேலே ஆளுயரத்தைத் தாண்டிப் பனி கிடக்கும். இரண்டாவது, உருகுகிற பனி சாதுவானது என்பது நாமாக நினைத்துக்கொள்வது. பனிக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. குளிர்கால ஆபத்துக்கு ஒரு இலக்கணம் இருந்தால், வசந்த கால ஆபத்துக்கு வேறொரு இலக்கணம் இருக்கிறது. அதில் பாதியை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: நேற்று ராத்திரி பனி உறைந்ததா, இல்லையா? இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு சொல் தகராறு. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு புல்நுனித் துளி, விடியற்காலை மூட்டம், வானத்திலிருந்து விழும் வெள்ளைத் துகள் என்று எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். இங்கே அது நடக்காது. இந்தக் கட்டுரையில் பனி என்றால் வானத்திலிருந்து விழுந்து தரையில் அடுக்கடுக்காகச் சேரும் வெள்ளைப் பொருள் மட்டும். அந்த மொத்த அடுக்கையும் பனிப்படிவு என்று சொல்கிறேன். உருகிய மேற்பரப்பு மறுபடி உறைந்து உண்டாகும் கெட்டி ஓட்டுக்குப் 'பொருக்கு' என்ற பழைய சொல் அப்படியே பொருந்துகிறது. மலையின் சரிவான பரப்பைச் சாய்வு என்கிறேன். அதன்மேல் கிடக்கும் பனி பிய்த்துக்கொண்டு கீழே ஓடினால் அது பனிச்சரிவு. செய்திகளில் 'பனிப்பாறைச் சரிவு' என்று போடுகிறார்களே, அதைப் படித்துக் குழம்ப வேண்டாம். பனிப்பாறை வேறு ஆள்.

கடல் பக்கத்தில் இருந்தால் என்ன மாறுகிறது?

கடலோர மலைகள் என்று இங்கே நான் மனதில் வைத்திருப்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரையை: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கோஸ்ட் மலைத்தொடர், அதற்குத் தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் கேஸ்கேட் மலைத்தொடர், வடக்கே அலாஸ்காவின் கரையோரச் சிகரங்கள். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது. சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. எவ்வளவு கொட்டும் என்பதற்கு ஒரு கணக்கு: வாஷிங்டனில் உள்ள மவுண்ட் பேக்கர் ஸ்கீ தளத்தில் 1998–99 பருவத்தில் 1,140 அங்குலம் பனி விழுந்தது. மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 29. ஒரு பருவத்தில் அளக்கப்பட்ட பனிப்பொழிவில் அது உலக சாதனை. அவ்வளவும் அப்படியே நிமிர்ந்து நிற்காது, தன் எடையில் தானே அமுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

அளவு மட்டுமல்ல, ரகமும் வேறு. கண்டத்தின் உள்ளே இருக்கும் ராக்கி மலைகளில் பனி குறைவு, குளிர் கடுமை. அந்த மெல்லிய படிவின் அடியில் சர்க்கரை போல ஒட்டாத மணிகள் உருவாகி, மாதக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். கடலோரத்தில் நடுக்குளிர்காலத்திலும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே ஆடிக்கொண்டிருக்கும். ஜனவரியில்கூட மழை பெய்யும். பனி கனமானது, ஆழமானது, ஒன்றோடொன்று சீக்கிரம் ஒட்டிக்கொள்வது. இங்கே பலவீனமான அடுக்குகள் பெரும்பாலும் சில நாள்களில் தேறிவிடும். அதனால் கடலோரப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் புயலின்போதும் அதை அடுத்த ஓரிரு நாள்களிலும் நடப்பவை. புயல் ஓய்ந்தால் மலையும் ஓயும் என்று ஒரு நம்பிக்கை இந்தப் பக்கம் உண்டு. ஜனவரிக்கு அது பெரும்பாலும் சரி. மே மாதத்தில் அதை நம்பி ஏறக்கூடாது.

பனிச்சரிவின் அடிப்படை

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துகொண்டே இருக்கும், சமமானால் ஓடாது. ஆனால் கிளம்பும் இடம்தான் இப்படி. ஓடிவந்து சேரும் இடம் மட்டமான தரையாகவும் இருக்கலாம், அடிவாரத்துச் சாலையாகவும் இருக்கலாம்.

கிளம்பும் விதம் இரண்டு. ஒன்று உதிரிச் சரிவு: ஒரு புள்ளியில் ஒரு கைப்பிடி பனி நழுவி, போகிற வழியில் பக்கத்துப் பனியையும் சேர்த்துக்கொண்டு, முக்கோணமாக விரிந்துகொண்டே இறங்கும். மற்றொன்று பலகைச் சரிவு: மேலே ஒட்டுறவாய் இறுகிய ஒரு தடித்த அடுக்கு, அதன் அடியில் ஒரு நோஞ்சான் அடுக்கு. அடியில் இருப்பது நொறுங்கியதும் மேல் பலகை முழுவதுமாகக் கோடு கிழித்தாற்போல வெட்டுப்பட்டு ஒரே நேரத்தில் நகரும். ஆளைக் கொல்வதில் இரண்டாவதுதான் முன்னால் நிற்கிறது. ஆனால் முதலாவதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஈரம் சேர்ந்தால் அது சிமெண்ட் கலவை போல மெதுவாகவும் கனமாகவும் வரும். மெதுவாக வருகிறதே, ஒதுங்கிவிடலாம் என்று தோன்றும். காலைப் பிடித்துவிட்டால் உருவ முடியாது.

தண்ணீர் செய்யும் வேலை

கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களுக்கு ஈரப் பனியின் பாதிப் பாடம் ஏற்கனவே தெரியும். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் சுவர் எழும்பும். இன்னும் ஒரு குடம் ஊற்றினால் சுவர் குழைந்து சரியும். மணிகளுக்கு இடையே இருக்கும் சிறிதளவு நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது; இடைவெளிகளே நிறைந்துவிட்டால் பிடிப்பு போய்விடுகிறது. பனியும் அப்படித்தான், ஒரு கூடுதல் சிக்கலோடு. மணல் உருகாது. பனியில் மணிகளை ஒட்டவைத்திருக்கும் பாலங்களும் பனிக்கட்டியால் ஆனவை. தண்ணீர் வந்தால் அவையும் சேர்ந்தே கரையும்.

சரி, தண்ணீர் மேலிருந்து கீழே எப்படிப் போகிறது? குளிர்காலம் முழுக்க பனிப்படிவின் உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது. முதல் வெயிலில் மேற்பரப்பு உருகி, நீர் கொஞ்சம் கீழே இறங்கி, அங்கே இருக்கும் குளிரில் மறுபடி உறைகிறது. உறையும்போது அது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராம் நீர் உறைந்தால் வெளிவரும் வெப்பம், கிட்டத்தட்ட 16 கிராம் பனியை மைனஸ் 10 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு ஏற்றப் போதும். கொஞ்சம் தண்ணீர் நிறையப் பனியைச் சூடாக்கிவிடுகிறது என்று அர்த்தம். இப்படியே படிப்படியாக ஒரு நாள் மேலிருந்து தரை வரை மொத்தப் படிவும் பூஜ்யம் டிகிரிக்கு வந்து நிற்கும். அதன்பிறகு உள்ளே வரும் நீருக்கு உறைய இடமில்லை; அது கீழே போய்க்கொண்டே இருக்கும். கடலோரப் பனி ஏற்கனவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் இந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இறங்கும் நீர் எங்கேயும் தடைபடாமல் போனால் பெரிய தொல்லை இல்லை. பல நாள் உருகல் நடந்த பனிக்குள் நீர் தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது, வடிந்து போய்விடுகிறது. தொல்லை முதல் தடவையில்தான். அதுவரை நனைந்தே இராத பனிக்குள் முதல் முறையாக நீர் இறங்கும்போது வாய்க்கால் கிடையாது. ஜனவரி மழையில் உருவாகி, பிறகு வந்த பனியில் புதைந்துபோன ஒரு பழைய பொருக்கு குறுக்கே கிடந்தால், நீர் அதன்மேல் தேங்கும். மேலே இருப்பது ஒரு மீட்டர் பனிப்பலகை, கீழே வழவழப்பான ஓடு, நடுவே தண்ணீர். இதை விளக்க வேறு உவமை தேவையில்லை.

அதனால்தான், நல்ல குளிரில் பிப்ரவரி முடிந்து திடீரென்று வரும் முதல் வெப்ப அலை, மே மாதத்தின் பத்தாவது வெயில் நாளைவிட மோசமாக இருக்க முடியும். வெப்பம் எவ்வளவு என்பதைவிட, இந்தப் பனிக்கு இது பழக்கமா புதிதா என்பதுதான் பெரிய கேள்வி.

ராத்திரியின் கணக்கு

இப்போது கட்டுரையின் நடு விஷயத்துக்கு வரலாம்.

பகலில் நனைந்து தளர்ந்த பனி ராத்திரியில் உறைந்தால், மணிகளுக்கு நடுவே இருந்த நீரெல்லாம் பனிக்கட்டியாகி அவற்றைப் பற்றவைத்துவிடுகிறது. காலையில் அது கான்கிரீட் தளம். அதன்மேல் லாரியே நிற்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் ஈரப் பனிச்சரிவு அபாயம் மிகக் குறைவு. சூரியன் ஏற ஏற மேற்பரப்பு இளகி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கல் உப்பு போன்ற மணிகள் உதிரும். ஸ்கீ ஆட்கள் இந்தப் பனிக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். 'கார்ன்' என்று செல்லமாக அழைப்பார்கள். இன்னும் வெயில் ஏறினால் பொருக்கு முழுவதும் கரைந்து, பனி கஞ்சியாகிவிடும். கான்கிரீட், கல் உப்பு, கஞ்சி. ஒரே இடம், ஒரே நாள், சில மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் அபாயம் நேற்றைவிட இன்று கூடியதா என்று நாள் கணக்கில் பார்ப்போம். வசந்தத்தில் மணி பார்க்க வேண்டும்.

உறைதல் எப்படி நடக்கிறது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ராத்திரி காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் உறையும், இல்லையென்றால் உறையாது என்று நினைப்பது இயல்பு. பாதிதான் உண்மை. பனி பகலில் சூரிய ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும் கண்ணாடி மாதிரி இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் அது கரிக்கட்டை மாதிரி நடந்துகொள்கிறது. தன் வெப்பத்தை ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. பூஜ்யம் டிகிரிப் பனி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 315 வாட் வீதம் வானத்துக்குக் கொடுக்கிறது. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் அங்கிருந்து திரும்பி வருவது அதைவிட நன்றாகவே குறைவு. நிகர நஷ்டம் பனிக்கு. அதனால் காற்று மூன்று, நான்கு டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும் ராத்திரியிலும், வானம் திறந்திருந்தால் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும்.

மேகம் வந்தால் கதை மாறுகிறது. மேகத்தின் அடிப்பாகம் பனிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு கதிரைத் திருப்பிக் கொடுக்கிறது. போர்வை போர்த்திய மாதிரி. ராத்திரி முழுக்கப் பனி நனைந்தபடியே கிடக்கும். அல்லது மேலே ஒரு விரல்கடை தடிமனுக்குப் பொருக்கு கட்டி, அடியில் சொதசொதவென்று இருக்கும். அந்தப் போலிப் பொருக்குதான் ஏமாற்றுக்காரன். காலையில் ஷூ வைத்தால் 'கரக்' என்று சத்தம் கேட்கும், உறைந்துவிட்டது என்று கிளம்பிவிடுவோம். எட்டு மணிக்கெல்லாம் அது கரைந்துபோயிருக்கும்.

கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் வசந்தத்தில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. உள்நாட்டு மலைகளில் காற்று வறண்டது. பகல் சுட்டாலும் ராத்திரி நட்சத்திரம் தெரியும், பனி நன்றாக இறுகும். கடலோரத்தில் கடலின் ஈரம் ராத்திரியும் மலையை விட்டு விலகுவதில்லை. மேகமும் மூடுபனியும் அடிக்கடி போர்வை விரிக்கின்றன. ஒரு நாள் உறையாவிட்டால் சமாளிக்கலாம். இரண்டு, மூன்று ராத்திரி தொடர்ந்து உறையாமல் போனால் ஒவ்வொரு நாள் உருகலும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நீர் இதுவரை எட்டாத ஆழத்தை எட்டும். பெரிய ஈரப் பலகைச் சரிவுகள் கிளம்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாள்களில்தான்.

இதோடு திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகோளத்தில் காலை வெயில் முதலில் கிழக்கு பார்த்த சாய்வுகளைத் தொடும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. கிழக்குச் சாய்வு ஒன்பது, பத்து மணிக்கே இளகத் தொடங்கும்போது மேற்குச் சாய்வு இன்னும் கான்கிரீட்டாக இருக்கும். வடக்குச் சாய்வுகள் ஏப்ரலிலும் நிழலில் உலர்ந்த குளிர்காலப் பனியை வைத்துக்கொண்டிருக்கும். அங்கே குளிர்கால விதிகள்தான் செல்லும். ஒரே சிகரத்தில் ஒரு பக்கம் ஜனவரி, மறுபக்கம் ஜூன். அனுபவசாலிகள் விடியுமுன் ஏறி, கிழக்கில் சீக்கிரம் இறங்கிவிட்டு, மதியத்துக்குள் வண்டிக்குத் திரும்பியிருப்பார்கள். மதியம் ஒரு மணிக்கு மலையடியில் ஷூ கட்டிக்கொண்டிருப்பவரை அவர்கள் கொஞ்சம் கவலையோடுதான் பார்ப்பார்கள்.

போய்விட்ட பிறகு மலையே சில அறிகுறிகளைக் காட்டும். பாறை ஓரத்திலிருந்து பனி உருண்டைகள் சக்கரம் போலச் சுருண்டு கீழே ஓடினால் மேற்பரப்பு நனைந்துவிட்டது. கறுத்த பாறை வெயிலை உறிஞ்சிச் சுற்றியிருக்கும் பனியை முதலில் தளர்த்துவதால் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான். மரக்கிளைகளிலிருந்து பனி தொப்பென்று விழுவதும் அதே சேதி. எல்லாவற்றையும்விட எளிய சோதனை உங்கள் கால்தான்: ஸ்கீயைக் கழற்றி நின்று பாருங்கள். கணுக்கால் வரை புதைந்தால் நேரம் நெருங்குகிறது. முழங்கால் வரை போனால் ஏற்கனவே தாமதம். செங்குத்தான இடங்களை விட்டு, மேலே சாய்வு ஏதும் தொங்காத பாதையாகப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

மழை, புதுப்பனி, தாழ்வாரம்

வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கடலோரத்தில் அதைவிட வேகமாக வேலை முடிப்பது மழை. வெயில் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும். மழை தண்ணீரை ரெடிமேடாகக் கொண்டுவந்து ஊற்றுகிறது. புதிதாக விழுந்து இன்னும் உலர்ந்திருக்கும் பனிமீது மழை தொடங்கினால் சில நிமிடங்களிலேயே சாய்வுகள் சரியத் தொடங்கலாம். எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது, இரண்டும் ஒரே சமயத்தில்.

இதற்கு மிகக் கொடிய சாட்சி வாஷிங்டனின் கேஸ்கேட் மலையில் ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அருகே நடந்தது. 1910 பிப்ரவரி கடைசியில் ஓயாத பனிப்புயலில் இரண்டு ரயில்கள் வெலிங்டன் என்ற சின்ன ரயில் நிலையத்தில் நாள்கணக்கில் சிக்கி நின்றன. பிறகு பனிப்பொழிவு மழையாக மாறியது, இடியும் சேர்ந்துகொண்டது. மார்ச் 1 அதிகாலையில், மேலே இருந்த மலைச்சாய்விலிருந்து பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து இரண்டு ரயில்களையும் கீழே இருந்த பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே பனிச்சரிவில் இவ்வளவு பேர் இறந்தது வேறெங்கும் இல்லை. அந்தச் சாய்வில் மரங்கள் முன்பே தீயில் அழிந்திருந்தன, பிடித்து நிறுத்த எதுவும் இருக்கவில்லை. குளிரும் பனியும் நாள்கணக்கில் செய்யாததை ஒரு ராத்திரி மழை செய்து முடித்தது.

வசந்தத்தில் புதுப்பனியும் விழும், மறந்துவிடக் கூடாது. ஏப்ரலில் ஒரு குளிர்ந்த புயல் வந்து மேலே 40 சென்டிமீட்டர் உலர்ந்த பனியைப் போட்டுவிட்டுப் போனால் அது அசல் குளிர்காலம்தான். மறுநாள் மேகம் விலகும். ஏப்ரல் 20-ஆம் தேதிச் சூரியன் ஆகஸ்ட் 22-ஆம் தேதிச் சூரியனுக்குச் சமமான உயரத்தில் நிற்கிறது. தேதியைப் பார்த்தால் தெரியாது, வெயிலில் நின்றால் தெரியும். ஜனவரியில் இந்தப் புதுப்பனி மெதுவாக இறுக நாள்கள் கிடைக்கும். ஏப்ரலில் ஒரு மணி நேர வெயில் போதும், உதிரிச் சரிவுகள் வரிசையாகக் கிளம்ப. அழகான நீல வானம், புத்தம்புதுப் பனி, விடுமுறை நாள்: இந்த மூன்றும் சேர்ந்து வரும் காலை பத்து மணிக்கு எனக்குப் புயலைவிட அதிக பயம் உண்டு.

அப்புறம் கார்னிஸ். காற்று முகட்டின் ஒரு பக்கமிருந்து பனியை அள்ளிவந்து மறுபக்கம் கூரைத் தாழ்வாரம் போலத் தொங்கவிடும். அதற்குத்தான் அந்தப் பெயர். குளிர்காலம் முழுக்க வளர்ந்த இந்தத் தாழ்வாரங்கள் வசந்தத்தில் மிகப் பெரிதாகவும் மிகத் தளர்ந்தும் இருக்கும். முகட்டில் நடப்பவருக்குக் காலடியில் இருப்பது மலையா, காற்றில் தொங்கும் பனியா என்று தெரியாது. நாம் விளிம்பு என்று நினைக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி விரிசல் விழும். 2017 ஏப்ரல் 8 அன்று வான்கூவருக்கு வடக்கே லயன்ஸ் பே ஊருக்கு மேலே உள்ள ஹார்வி மலையில் ஐந்து பேர் உச்சிக்கு அருகே கார்னிஸ் உடைந்து இறந்தார்கள். காலடித் தடங்கள் உடைந்த விளிம்பு வரை போய் அங்கேயே முடிந்திருந்தன. அது தொலைதூர மலையல்ல. நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் நடைபாதை. உடையும் தாழ்வாரம் தன்மேல் நிற்பவரை மட்டும் அல்ல, கீழே இருக்கும் சாய்வையும் அடித்துக் கிளப்பிவிடும் என்பதால் அடியில் நடப்பதும் ஒதுக்க வேண்டியதுதான்.

வழவழப்பான பாறைத்தளங்களில் மொத்தப் படிவும் தரையோடு மெல்ல வழுக்கி, மேலே பெரிய வாய் பிளந்தாற்போல விரிசல் காட்டும். எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விரிசல் தெரிந்தால் அதன் கீழே நிற்காமல் போய்விடுவதுதான் ஒரே வழி.

அறிக்கையைப் படிப்பது

கனடாவில் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலம் முழுக்கத் தினமும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அதன் தலைமையகம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் ஊரில். வாஷிங்டன் பக்கம் நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் ஒரே ஐந்து படி அளவுகோலைப் பயன்படுத்துகின்றன: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 உச்சம். மூன்று என்றால் ஐந்தில் நடுவில் இருக்கிறதே, பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பல மடங்கு கூடுவது. மலையில் பொழுதுபோக்குக்குப் போய் இறப்பவர்களில் பெரும்பகுதி, எல்லாரும் வீட்டில் இருந்துவிடும், ஐந்து போட்ட நாளில் இறப்பதில்லை. மூன்று போட்ட நாளில்தான் இறக்கிறார்கள்.

வசந்தத்தில் அறிக்கைக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு எண் கொடுத்தால் காலை 1, பிற்பகல் 3 என்பது அதில் மறைந்துபோகும். கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்தாக வேண்டும். இரண்டாவது, ஏப்ரல் கடைசி வாக்கில் தினசரி அறிக்கைகள் பருவம் முடிந்து நின்றுவிடுகின்றன. பனி நிற்பதில்லை. அதன்பிறகு கணக்கு போடும் பொறுப்பு முழுக்க ஏறுபவர் தலையில்.

புதைந்தால் தேட ரேடியோ பீக்கன், குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட மண்வெட்டி: மூன்றும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடலோரப் பனியில் அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. கனடா, சுவிட்சர்லாந்து விபத்துகளை ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வு, கடலோரக் காலநிலையின் அடர்ந்த பனியில் புதைந்தவர்களுக்கு மூச்சுத்திணறல் இன்னும் சீக்கிரம் வருகிறது என்று காட்டியது. முதல் 10 நிமிடத்துக்குள் முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். புதுப்பனி ஒரு கனமீட்டர் 100 கிலோ இருந்தால், வசந்தத்தின் ஈரப்பனி 400, 500 கிலோ. நின்றதும் அது இறுகிவிடும், தோண்டுபவருக்கும் அது கல்தான். இதுபோக, கனடாவில் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று மரத்திலும் பாறையிலும் மோதிய காயத்தால். அதற்கு மண்வெட்டி உதவாது.

கடைசியாக, ஒரு வானிலை வரியை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு நானே எழுதிய வரி: 'சனி: உறைநிலை உயரம் பகலில் 2,800 மீட்டர், இரவில் 1,500, தெளிவான வானம். ஞாயிறு: பகலில் 3,000, இரவில் 2,700, மேகமூட்டம்.' உறைநிலை உயரம் என்பது காற்று பூஜ்யம் டிகிரியாக இருக்கும் மட்டம். நீங்கள் போக நினைக்கும் சிகரம் 2,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சனி பகலில் சிகரம் முழுக்க உருகும். சனி ராத்திரி அந்த மட்டம் சிகரத்துக்கு 700 மீட்டர் கீழே இறங்குகிறது, வானமும் திறந்திருக்கிறது, நன்றாக உறையும். எனவே ஞாயிறு விடிகாலையில் கான்கிரீட், ஒன்பது, பத்து மணி வரை நல்ல நேரம். ஞாயிறு ராத்திரி? உறைநிலை சிகரத்துக்கு 500 மீட்டர் மேலேயே தங்கிவிட்டது, மேலே போர்வையும் விழுந்துவிட்டது. திங்கள் காலை ஐந்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கி, ஓரத்தில் குவிந்திருக்கும் பனியில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போய் நனைந்து வந்தால் அன்றைக்கு ஏறுவதற்கு எதுவும் இல்லை. சீட்டைச் சாய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்கலாம்.